ஜன்னல் இல்லாத நிலவறைக்கு ஏர் கூலரா, ஏசியா?

மதுரையில் ஜவுளிக் கடைக்குக் கீழே 10-க்கு 12 அடி நிலவறை, ஜன்னலும் காற்றுக்குழாய் வசதியும் இல்லை, கூலர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கூலர் வாங்காதீர்கள். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது. ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் புழுக்கம் கூடும். துணிக்கட்டுகளில் பூஞ்சை பிடிக்கும்.

1 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி பொதுவாகப் போதும். சுற்றிலும் மண் இருப்பதால் சித்திரை வெயில் சுவரில் நேராக இறங்காது. ஏசி ஈரத்தையும் இழுக்கும். ஆனால் அந்த நீர் எங்கே போகும்? விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம். மாடி அறையில் குழாய்ச் சரிவில் தானாக வடிந்துவிடும். உங்கள் அறையோ தெருவைவிடத் தாழ்வு. நீரை மேலேற்றச் சிறிய பம்ப் கட்டாயம் வேண்டும். பம்ப் பழுதானால் ஏசியை நிறுத்திவிடும் மிதவை சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வெளி யூனிட்டைப் படிக்கட்டு இடுக்கில் மாட்டாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று: ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது. அங்கே ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்வதென்றால், வெளியே திறக்கும் எக்ஸாஸ்ட் விசிறியும், புதுக்காற்று நுழையக் கதவின் அடியில் ஒரு திறப்பும் அவசியம். ஐப்பசி மழையில் சுவர் கசியுமானால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு ஏசி வாங்கப் போங்கள்.