நள்ளிரவுக் கொத்துரொட்டியும் படித்தது நிற்காத மகனும்

அன்புள்ள அண்ணா,

மகன் இந்த முறை உயர்தரம் எழுதுகிறான், உயிரியல் பிரிவு. கல்முனையில் டியூசன் முடிந்து வீடு வர எட்டரை ஆகும். பதினொன்றுக்கு மேல்தான் புத்தகத்தை எடுப்பான். பன்னிரண்டு மணிபோல் பசிக்கிறது என்று கொத்துரொட்டியோ பட்டர் பூசிய பாணோ சாப்பிட்டு இரண்டு மணிவரை இருப்பான். மூளைக்குக் கொழுப்பு வேண்டும் என்று யூடியூப்பில் சொன்னார்கள், அதனால் நானும் தடுக்கவில்லை. இப்போது படித்தது ஒன்றும் நிற்கவில்லை என்று அழுகிறான். கொழுப்பு நல்லதா கெட்டதா? தேங்காய்ப்பாலையும் நிறுத்தவா?

ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

யூடியூப்காரர் சொன்னது பொய்யில்லை, நீரை நீக்கிப் பார்த்தால் மூளையின் எடையில் பாதியளவு கொழுப்புத்தான். ஆனால் எந்தக் கொழுப்பு, எந்த நேரத்தில் என்ற இரண்டையும் அவர் விட்டுவிட்டார், உங்கள் வீட்டுப் பிரச்சினை அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

மூளைக்குள் பிடிஎன்எஃப் என்று ஒரு புரதம் சுரக்கிறது. 1982இல் ஜெர்மனியில் பார்டும் தோனனும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. நரம்புக் கலங்களைச் சாகாமல் காப்பதும், படித்தது தங்கும்படி கலங்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பலப்படுத்துவதும் அதன் வேலை. வட்டையில் பயிருக்கு மேலுரம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2002இல் கலிஃபோர்னியாவில் எலிகளுக்கு, பட்டரில் இருப்பது போன்ற நிறைந்த கொழுப்பும் (saturated fat) சீனியும் கூடிய உணவை இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸில் இந்தப் புரதம் குறைந்தது, வழி கண்டுபிடிக்கப் பழகுவதிலும் அவை பின்தங்கின. பிறகு 2004இல் வந்த ஆய்வில், மண்டையில் அடிபட்ட எலிகளுக்கு அதே புரதம் குறைந்தது, ஆனால் அடிபடுவதற்கு முன்பிருந்தே மீனெண்ணெய் சேர்த்த உணவு சாப்பிட்ட எலிகளில் அது வழமையான அளவிலேயே இருந்தது. இரண்டுமே கொழுப்புத்தான், பலன் நேர் எதிர். எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் தட்டில் என்ன வைக்கலாம் என்று முடிவெடுக்க எனக்கு இது போதும்.

நேரம்தான் இதைவிடப் பெரிய விசயம். கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே போகிற இடத்துக்குச் சற்று மேலே ஏறக்குறைய 20,000 கலங்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது, அது வெளிச்சத்தைப் பார்த்து உடம்பு முழுவதற்கும் நேரம் சொல்லும். ஈரலும் குடலும் ஓரளவுக்கு அதன் சொல் கேட்கும், ஆனால் நாம் சாப்பிடுகிற நேரத்தையும் பார்த்துத்தான் தங்கள் மணியை வைத்துக்கொள்ளும். பாதி ராத்திரியில் கொத்துரொட்டி இறங்கினால் மூளை இரவு என்கிறது, ஈரல் பகல் என்கிறது. கொழுப்பு கூடிய உணவு இந்தக் கடிகாரத்தையே குழப்பி, தூங்கும் நேரத்திலும் சாப்பிடத் தூண்டியதை 2007இல் எலிகளில் கண்டார்கள், உங்கள் மகனின் பன்னிரண்டு மணிப் பசியைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், எலிகளுக்கு அவை தூங்கவேண்டிய நேரத்தில் மட்டும் உணவு வைத்தார்கள். மொத்தத் தூக்கம் குறையவே இல்லை, அப்படியிருந்தும் ஞாபகம் கெட்டது, பிடிஎன்எஃப் சுரக்க உதவுகிற கிரெப் என்ற புரதமும் ஹிப்போகாம்பஸில் குறைந்திருந்தது. உங்கள் மகனுக்கோ தூக்கமும் சேர்ந்து போகிறது. பிள்ளை சோம்பேறி இல்லை தங்கச்சி, தயவுசெய்து ஏசவேண்டாம்.

வட்டையில் யானைக் காவலுக்குப் போகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிறவர்களுக்கும் வேறு வழியில்லை, அவனுக்கு இருக்கிறது. டியூசனுக்குப் போகுமுன் புட்டும் மீன்கறியும் கட்டிக் கொடுங்கள், இரண்டு வகுப்புக்கு இடையில் சாப்பிடட்டும். சூடை, கீரி, சாளை எது மலிவோ அது, மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு இந்தச் சின்ன மீன்களிலேயே தாராளமாக இருக்கிறது, பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் பசித்தால் ஒரு வாழைப்பழம், அதோடு சரி. பத்தரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்பி, வெளிச்சம் வந்ததும் முற்றத்தில் கொஞ்சம் நடந்துவிட்டுப் படிக்கட்டும். முதல் நாலைந்து நாள் தூக்கம் வராமல் புரளுவான், அப்போது ஃபோன் உங்கள் அறையில் இருக்கட்டும்.

தேங்காய்ப்பாலிலும் நிறைந்த கொழுப்புத்தான், அதை மறைக்கவில்லை, மூன்று வேளையும் கட்டிப்பாலில் கறி வேண்டாம். ஆனால் காலையில் இடியப்பத்துக்குச் சொதி வைக்கிறீர்களே, அதை நிறுத்தாதீர்கள்.