ஒப்பிக்கிறாளா, படிக்கிறாளா?

மகள் கதைப் புத்தகத்தைப் படிக்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கிறாளோ, புத்தகத்தை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். எறும்புகள் சேர்ந்து வெல்லக்கட்டி இழுக்கும் பாட்டுக்கதையை உங்கள் ஐந்து வயது மகள் கடகடவென்று சொல்வதும், அதில் வரும் ஒரு சொல்லைத் தனியாகக் காட்டினால் விழிப்பதும் இந்த வயதில் சகஜம்தான்.

காரணம் பெரும்பாலும் இயைபு, அதாவது வரிகளின் கடைசியில் ஒரே ஓசை வருவது. ஓடி, ஆடி, பாடி, கூடி என்று வரிகள் முடியும்போது ஓசையே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடும், கண்ணுக்கு வேலையே இல்லை.

அந்த நாலு சொல்லையும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, 'பாடி'யை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றிலும் 'டி' இருப்பதால் முன்னால் உள்ள எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் ஆளுக்கொரு வரியாகப் படியுங்கள், கதையும் சேர்ந்து இழுப்பதுதானே!

ஆனால் பாடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அவளைப் புத்தகத்துக்கு இழுத்து வருவதே அந்த ஆசைதான். எழுத்துகளே இன்னும் பிடிபடவில்லை என்றால் முதலில் அது, சீட்டெல்லாம் பிறகு.