திருநங்கை கைதானால் எந்தச் சிறை?

"ஒரு திருநங்கையைக் கைது செய்தால் ஆண்கள் சிறையில் வைப்பார்களா, பெண்கள் சிறையிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். நான் பார்த்தவரையில், போலீஸ் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு செய்கிறது. ரிமாண்ட் வாரன்ட்டில் (சிறையில் வைக்கச் சொல்லும் உத்தரவில்) பழைய ஆண் பெயர் இருந்தால் வண்டி ஆண்கள் சிறைக்குத்தான் போகும்.

1894ஆம் வருடச் சிறைச் சட்டத்துக்கு ஆண், பெண் என்று இரண்டே வகைதான் தெரியும். 2014ல், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் (நால்சா தீர்ப்பு என்பார்கள்) உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைக் கணக்கில் அவர்களுக்கென்று ஒரு கட்டம் வந்தது 2020ஆம் ஆண்டு அறிக்கையில்தான். அதில் நாடு முழுக்க 70 பேர் என்று இருந்தது.

2022 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. தனி இடம், தனிக் கழிப்பறை, குளியலறை தர வேண்டும், உடல் சோதனையை அவர்கள் விரும்பும் பாலினத்தவரோ பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் சிறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம், அதனால் அறிவுரை அறிவுரையாகவே நின்றுவிடும்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த வழக்கு இது. சின்ன அடிதடி. இருபதுகளில் இருந்த ஒரு திருநங்கையை ஒரு கிளைச் சிறையில் வைத்திருந்தார்கள். மனு பார்க்க, அதாவது கைதியை நேரில் சந்திக்க, போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துப் பிடித்தபடி நின்றார். ஏதோ காயம் என்று நினைத்துப் பதறிவிட்டேன். காயம் இல்லை, தாடி. முகத்து முடி பிடுங்கும் இடுக்கியை இரும்புச் சாமான் என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம். நான் ஜாமீன் பற்றிப் பேசப் பேச, "அக்கா, அந்த இடுக்கி மட்டும் கேட்டு வாங்கித் தர முடியுமா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரிகள் அவரை ஆண்களோடு போடவில்லை, உண்மைதான். தனி செல்லில் பூட்டினார்கள். "பாதுகாப்புக்குத்தான் மேடம்." சாப்பாடு செல்லுக்கே வரும். மற்றவர்களைத் திறந்துவிடும் நேரத்தில் இவர் உள்ளே. பேச ஆள் கிடையாது. தனிமைச் சிறை என்பது தண்டனைச் சட்டப்படி நீதிமன்றம் மட்டுமே விதிக்கக்கூடிய தண்டனை, அதுவும் கடுங்காவல் கைதிக்கு, மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. குற்றமே நிரூபணமாகாத இவருக்கு அது 19 நாள் இலவசமாகக் கிடைத்தது. தனி இடம் என்ற பெயரில் முழுக்க ஒதுக்கி வைக்கக் கூடாது என்று அதே 2022 அறிவுரையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள்!

அதனால், உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கைதானால் சிறை வாசலில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, கைதானவர் திருநங்கை (அல்லது திருநம்பி) என்பதையும் எங்கே வைத்தால் பாதுகாப்பு என்று அவரே நினைக்கிறார் என்பதையும் உத்தரவில் எழுதச் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரை எடுப்பவர் என்றால் மருத்துவச் சீட்டையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார்.

அப்புறம், அந்தத் திருநங்கைக்கு ஜாமீன் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணி தாண்டித்தான் விட்டார்கள். வெளியே வந்ததும் சாமான் கவரைப் பிரித்து இடுக்கியை எடுத்தார். என் ஸ்கூட்டியின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒரு அஞ்சு நிமிஷம்க்கா" என்றார். அரை மணி நேரம் ஆனது.