வாசகர் கேள்வி: மேக்கன்ல ஒருநாள்

கேள்வி: மார்ச் மாசம் அட்லாண்டாவுல மக வீட்டுக்குப் போறோம் சார். மருமகன் ஒருநாள் மேக்கன்ங்கற ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. ஆத்தங்கரை ஊரு, பாட்டுக்குப் பேர் போனதுன்னாரு. ஒருநாள் பூரா பாக்க அங்க என்ன இருக்கு?

பதில்: அவசியம் போயிட்டு வாங்கம்மா, கார்ல ஒன்றரை மணி நேரம்தான். மார்ச் கடைசின்னா செர்ரிப்பூ ஊரெல்லாம் பூத்துக் கிடக்கும், மூணு லட்சம் மரத்துக்கு மேல இருக்குன்னு அந்த ஊர்க்காரங்க சொல்லுவாங்க.

ஆனா மொதல்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் போங்க, அந்தக் காலத்துப் பூர்வகுடி ஜனங்க மண்ணைக் குவிச்சுக் கட்டின ஒக்மல்கி மண்மேடுகளைப் பாக்க. அங்க மண்ணுக்குள்ள வட்டமா ஒரு சபைக்கூடம் இருக்கு, குனிஞ்சு குறுகலான வழியில நுழையணும், கூரையெல்லாம் பின்னாடி கட்டினது ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியுற களிமண் தரை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி போட்ட அதே தரை. நடுவுல நெருப்புக்குழி, சுவரை ஒட்டி 47 பேர் உக்கார மண்ணுலயே இருக்கை, எதிர்ல கழுகு வடிவத்துல மேடை, அதுல 3 இருக்கை. நான் அதை விட்டு நகரவே ரொம்ப நேரமாச்சு. அந்த மண்ணோட சொந்தக்காரங்களான மஸ்கோகிங்கற பூர்வகுடி ஜனங்களை 1830கள்ல ஒக்லஹோமா பக்கம் விரட்டிட்டாங்க, அப்புறம் ரயில் பாதை போடுறேன்னு மேட்டையே வெட்டினாங்க. மனசு ஆறலம்மா.

எல்லாரும் அங்கேயே வந்து தங்கினதுக்குக் காரணம் ஆறுதான். வடக்குப் பக்கத்துப் பாறை நிலம் முடிஞ்சு கடலோரச் சமவெளி ஆரம்பிக்கிற இடம் அது, கடல்ல இருந்து வர்ற படகு அதுக்கு மேல போக முடியாது. 1823ல ஊரு உருவாச்சு, அடிமைங்க விளைவிச்ச பஞ்சு இந்த ஆத்து வழியாத்தான் போச்சு.

பாட்டுக்கு வருவோம். 1921ல டக்ளஸ்ங்கற கறுப்பின வியாபாரி தன் ஜனங்களுக்காகக் கட்டின டக்ளஸ் தியேட்டர் இன்னும் இருக்கு, பேர் போன பாடகர் ஓட்டிஸ் ரெடிங் சின்னப் பையனா பாட்டுப்போட்டியில வாராவாரம் ஜெயிச்சது அங்கதான். 26 வயசுல, 1967 டிசம்பர்ல, விமான விபத்துல போயிட்டாரு. ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டும் இந்த ஊர்ப்பிள்ளைதான், பஸ் ஸ்டாண்ட்ல பாத்திரம் கழுவினவரு.

சாயங்காலம் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. ஆல்மன் பிரதர்ஸ்ங்கற ராக் இசைக்குழுவுல கிட்டார் வாசிச்ச டுவேன் ஆல்மன் 1971ல பைக் விபத்துல செத்தப்போ வயசு 24, அடுத்த வருஷமே அதே குழுவுல பேஸ் கிட்டார் வாசிச்ச பெர்ரி ஓக்லியும் பைக் விபத்துல, அவருக்கும் 24. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருக்காங்க. படி ஏறி இறங்கணும், முட்டிவலி இருந்தா மெதுவா போங்க. கீழ ரயில் பாதை, அதுக்குக் கீழ ஆறு.