உங்கள் கதையில் அண்ணி எங்கே?

கேள்வி: எனக்கு 28 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டை. பகலில் மருந்துக்கடையில் வேலை, இரவில் திரைக்கதை எழுதுகிறேன். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் ஏலத்தைக் கைக்குள் வைத்திருக்கும் ஒரு தாதா. அவரிடம் அடியாட்களாக இருக்கும் அண்ணனும் தம்பியும்தான் நாயகர்கள். அண்ணன் ஒரு கொலை செய்கிறான். அவனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லித் தம்பியை எல்லாரும் நெருக்குகிறார்கள். இடைவேளையில் இருவரும் எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்துவிட, தமிழ்நாடு போலீஸ் கைகட்டி நிற்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் மழைச் சண்டையோடு படம் முடிகிறது. உதவி இயக்குநராக இருக்கும் நண்பர் படித்துவிட்டு, "பாசம், துரோகம், அரிவாள் எல்லாம் பார்த்தாச்சு" என்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. கதையில் பாதி என் பெரியப்பா மகனுடையது. அவர் ஒரு வழக்கில் ஜாமீனில் இருக்கிறார். அவரை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் போனில் பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன். அம்மாவோ, "அவன் கஷ்டத்தை வித்துத்தான் நீ சினிமாவுக்குப் போகணுமா?" என்கிறார். நான் செய்வது துரோகமா? கதையை எப்படிப் புதிதாக்குவது? சுருக்கம் இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: தம்பி, முதலில் அந்த போன் பதிவு யோசனையைக் கைவிடுங்கள். திரைக்கதைக்கு அப்புறம் வருவோம்.

ஒருவர் போலீஸ் அதிகாரியிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னால், அந்த வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நீதிமன்றம் ஏற்காது. அதையே உங்களிடம் சொன்னால் நிலைமை வேறு. வெளியாள் ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாகக் கொண்டுவர வழியிருக்கிறது. நீங்கள் எடுத்த ஆடியோ, "அப்போ கூட யார் யார் இருந்தாங்க?" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் உங்கள் போனைக் கைப்பற்றும் நாளில் அரசுத் தரப்பின் கைக்குப் போய்விடும். சாட்சிக் கூண்டில் ஏறி, "அவர் எனக்கு அண்ணன் முறை, சொல்ல மாட்டேன்" என்றால் எடுபடாது. பெரியப்பா மகன் என்ன, கூடப்பிறந்தவனே ஆனாலும் எடுபடாது. சட்டம் அப்படி ஒரு சலுகையைக் கொடுப்பது கணவன் மனைவிக்கு மட்டும்தான்.

உங்கள் கதைக்கான வழியும் இங்கேதான் இருக்கிறது.

அனுப்பிய சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். அதில் அண்ணனின் மனைவி மூன்று இடத்தில் வருகிறாள். காபி கொடுக்கிறாள், அழுகிறாள், மயங்கி விழுகிறாள். அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. தாதாவின் காருக்கு நம்பர் கொடுத்திருக்கிறீர்கள், தம்பி! நண்பருக்குக் கதை பழசாகத் தெரிந்ததற்குக் காரணம் பாசமும் இல்லை, அரிவாளும் இல்லை. விசுவாசத்தை ஆம்பளைகளுக்குள்ளேயே பாகம் பிரித்து முடித்துவிட்டீர்கள். இந்த மாதிரிக் குடும்பத்தில் உண்மையில் மாட்டிக்கொள்கிறவள் அண்ணிதான். அவளை நடுவில் வைத்துப் பாருங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 249-ஆவது பிரிவு, குற்றம் செய்தவர் என்று தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (இ.பி.கோ.) இது 212. கொலை என்றால் அடைக்கலம் கொடுத்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை. அடைக்கலம் என்றால் வீட்டில் படுக்க இடம் கொடுப்பது மட்டுமில்லை. சோறு, பணம், மாற்றுத்துணி, ஏறிப்போக வண்டி எல்லாம் அதில் சேர்த்தி. விதிவிலக்கு கணவன் மனைவிக்கு மட்டும். பெற்ற தாய்க்குக் கிடையாது, உடன்பிறந்தவனுக்கும் கிடையாது.

இப்போது உங்கள் கதையின் கொலை நடந்த இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பரணில் பதுங்கியிருக்கிறான். அண்ணி தட்டில் சோறு போட்டு மேலே நீட்டுகிறாள். சட்டம் அவளை ஒன்றும் செய்யாது. தம்பி புரோட்டா பார்சல் வாங்கி வந்து பைக் சாவியையும் வைத்துவிட்டுப் போகிறான். அது குற்றம். அம்மா தன் சுருக்குப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்கிறாள். அதுவும் குற்றம். ஒரே வீடு, ஒரே இரவு, ஒரே பாசம். ஆனால் அண்ணிக்கு ஒரு கணக்கு, மற்ற இருவருக்கும் வேறு கணக்கு. இது தம்பிக்கும் அம்மாவுக்கும் தெரியாது. தாதாவின் வக்கீலுக்குத் தெரியும். "நீ வச்சுக்கம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே ஆளை அவள் தலையில் கட்டுகிற வில்லனை யோசித்துப் பாருங்கள். அவன் கையில் அரிவாளே தேவைப்படாது.

அந்தக் காட்சியை இன்னும் இழுக்கலாம். ரத்தம் பட்ட சட்டை வாளியில் கிடக்கிறது. அவள் அதை ஊறவைத்துத் துவைத்தால்? தடயத்தை அழிப்பது அதே சட்டத்தின் 238-ஆவது பிரிவின் கீழ் குற்றம். அதில் மனைவிக்கு விலக்கு இல்லை. ஆக, புருஷனைப் பரணில் வைத்துக்கொள்ளலாம், அவன் சட்டையைத் துவைக்கக்கூடாது. தினமும் துவைக்கிற கைதானே, அவள் யோசிப்பாளா?

வழக்கு விசாரணையில் இன்னொரு முடிச்சு. கணவன் தன்னிடம் சொன்னதை வெளியே சொல்லும்படி மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவள் கண்ணால் பார்த்ததைக் கேட்கலாம். 1954-இல் உத்தரப்பிரதேசத்துக் கொலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் கோடு போட்டது. கணவன் மனைவியிடம் பேசியது தள்ளப்பட்டது. அவன் கூரையிலிருந்து இறங்கியதையும் குளித்ததையும் அவள் பார்த்தது ஏற்கப்பட்டது. காதால் கேட்டது வீட்டுக்குள் இருக்கட்டும், கண்ணால் பார்த்தது கூண்டுக்கு வரட்டும் என்கிறது சட்டம். உங்கள் இடைவேளைக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் அன்றிரவு விளக்கைப் போட்டாளா, போடவில்லையா என்பதில் ஒரு மனிதனின் ஆயுள் நிற்கிறது. (இந்த நுணுக்கங்களைத் திரைக்கதையில் இறக்கும் முன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.)

அடியாள் படங்களில் விசுவாசம் என்றாலே நமக்குச் செஞ்சோற்றுக் கடன்தான். கும்பகர்ணன் தப்பு என்று தெரிந்தே அண்ணனோடு நின்று செத்தான், விபீஷணன் எதிர்ப்பக்கம் போனான். உங்கள் தம்பியும் இந்த இருவரில் யார் என்றுதான் படம் முழுக்க முழித்துக்கொண்டு நிற்கிறான். அந்த இழுபறியை நம் ஆட்கள் தெருக்கூத்திலேயே விடிய விடியப் பார்த்தாயிற்று. கும்பகர்ணன் வீட்டில் அன்று யார் அடுப்பு மூட்டினார்கள் என்பது இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அப்புறம், துரோகம். உங்கள் படத்தில் துரோகம் என்பது போலீஸுக்குப் போன் போடுவது. நிஜத்தில் அதைவிடச் சின்ன விஷயமே துரோகமாகிவிடும். ஏ1 முதல் ஏ6 வரை, அதாவது முதல் குற்றவாளியிலிருந்து ஆறாம் குற்றவாளி வரை என்று வழக்கில் சேர்க்கப்பட்ட எல்லாருக்கும் தாதா ஒரே வக்கீலை வைப்பார், பீஸும் அவரே கட்டுவார். பார்த்தால் பெருந்தன்மை. அந்த வக்கீல் காப்பாற்றுவது யாரை? எஃப்.ஐ.ஆரில் பெயரே வராத தாதாவைத்தான். ஏ4-இன் மனைவி "என் வீட்டுக்காரருக்குத் தனி வக்கீல் வச்சுக்கறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். அவன் அப்ரூவர் ஆகி, கூட்டாளிகளுக்கு எதிராக அரசுத் தரப்பில் சாட்சி சொல்லப் போகிறான் என்று அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிடும். வக்கீலை நியமிக்கும் வக்காலத்து நாமாவில் போடும் ஒரு கையெழுத்து, கத்திக்குத்துக்குச் சமமான காட்சி. எழுதிப் பாருங்கள்.

இதைக் கதைக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் நிஜ அண்ணியிடமும் சொல்லுங்கள். பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

எல்லை விஷயம். தாண்டிவிட்டால் போலீஸ் வராது என்பதை எடுத்துவிடுங்கள். பாரதியார் 1908-இல் இங்கே வந்ததும், 1918 நவம்பரில் வெளியே கால் வைத்தவுடன் கைதாகிக் கடலூர்ச் சிறைக்குப் போனதும் நடந்தபோது இது பிரெஞ்சு மண். இன்று வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய ஆளை இந்தியாவின் எந்த மூலைக்கும் போலீஸ் துரத்திப் போகலாம். அதற்காக எல்லையையே தூக்கி எறிய வேண்டாம். முத்தியால்பேட்டைக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்? இந்தப் பக்கம் உங்கள் ஊர், அந்தப் பக்கம் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். காவலரின் சிவப்புத் தொப்பி போய்க் காக்கித் தொப்பி வந்துவிடுகிறது. ரவுடிப் பட்டியல் வேறு, சட்டமும் ஓரிடத்தில் வேறு. கடலூரில் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி குண்டாஸ் போட்டால் விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அது தமிழ்நாட்டுச் சட்டம், புதுச்சேரிக்குப் பொருந்தாது. தெரு தாண்டினால் விடுதலை என்று நம்பி ஓடுகிறவனுக்கு அந்தப் பக்கம் வேறொரு பழைய வழக்கு காத்திருக்கட்டும். இரண்டு பக்கமும் வழக்கு உள்ளவனின் மனைவிக்கு ஒரு வாரம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட், மறுவாரம் புதுச்சேரி கோர்ட். மனு போட்டுப் பார்க்கக் கேப்பர் மலை மத்திய சிறையா, காலாப்பட்டு சிறையா என்பதுகூட அவள் பஸ் செலவைத் தீர்மானிக்கும். உங்கள் மழைச் சண்டையை வெட்டி அந்த இடத்தில் இந்தப் பஸ் பயணத்தை வைத்தால் நான் முதல் ஆளாக டிக்கெட் எடுப்பேன்.

ஒரு முனகலும் உண்டு. புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவர் வீதியும் கடற்கரைச் சாலையும்தான் என்று படம் எடுக்கிறவர்களோடு நீங்களும் சேராதீர்கள். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் இருக்கிறது. 1898-இல் தொடங்கிப் பல தலைமுறைக்குச் சோறு போட்டது, 2020-இல் மூடப்பட்டது. உங்கள் அண்ணன் தம்பியின் அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தவராக இருந்தால் அவர்கள் ஏன் தாதாவிடம் போனார்கள் என்று வசனத்தில் விளக்கவே வேண்டாம்.

தணிக்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இப்போது யு.ஏ. சான்றிதழே 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரிந்திருக்கிறது. சுருக்கத்தில் உள்ளபடி தலைகள் உருண்டால் ஏ சான்றிதழ்தான். தொலைக்காட்சி விற்பனை போச்சு.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எழுதுவது துரோகம் இல்லை. வழக்கு நடக்கும்போது, படிக்கிற யாரும் "இது இன்னார்தான்" என்று சொல்லும்படி எழுதினால் அம்மா சொல்வதுதான் சரி. "யாவும் கற்பனையே" என்று முதலில் ஒரு அட்டை போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். முத்தியால்பேட்டையில் அந்த அட்டையை யார் நம்புவார்கள்? அண்ணனின் எதிராளிகள் நம்புவார்களா? சம்பவத்தை முழுக்க மாற்றுங்கள். ஆயுதம், இடம், காரணம், ஆள் எண்ணிக்கை எதுவும் ஒட்டக்கூடாது. தயாரிப்பாளரிடம் "உண்மைச் சம்பவம் சார்" என்று ஆசை காட்டவே கூடாது. கோர்ட் வராந்தாவில் காத்திருப்பது, "ஜட்ஜ் லீவு" என்று வாய்தா தள்ளிப்போவது, ஜாமீன் நிபந்தனைப்படி போடவேண்டிய கண்டிஷன் கையெழுத்துக்காக வேலைக்குப் போக முடியாமல் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருப்பது, இவற்றை எடுத்துக்கொள்ளலாம். இவை எந்த வழக்குக்கும் பொது, யாரையும் காட்டிக்கொடுக்காது.

அதற்கும் அனுமதி கேளுங்கள். அண்ணனிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள், அண்ணியிடம் தனியாகக் கேளுங்கள். அண்ணன் பெருமைக்குச் சரி என்பார், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணி. அவர் வேண்டாம் என்றால் இந்தக் கதையை வழக்கு முடியும்வரை மூடி வையுங்கள். மருந்துக்கடையில் நிற்கிறவருக்கு வேறு கதையா கிடைக்காது? ராத்திரி பத்து மணிக்குக் கட்டுத் துணியும் டிஞ்சரும் வாங்க வருகிறவர்களைப் பார்த்தே பத்துப் படம் எழுதலாம். அவர் சரி என்றால் அடுத்த வாய்தாவுக்கு அவரோடு துணைக்குப் போய் வாருங்கள். சம்பவத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள், போன் பையிலேயே இருக்கட்டும். அம்மாவையும் ஒருநாள் கூட்டிப்போங்கள்.

திருத்தி எழுதியதும் சுருக்கம் வேண்டாம், முழுப் பிரதியையே அனுப்புங்கள். படிக்கிறேன்.