ஒகினாவா போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவா தீவுகளுக்குப் போகத் திட்டமிடுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும். எனக்கு மிகப் பிடித்த இடம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

டோக்கியோ, கியோட்டோ பார்த்தாயிற்று. ஒகினாவாவில் கடற்கரை தவிர என்ன இருக்கிறது?

நிறைய. 1429 முதல் 1879 வரை இது ரியூக்யூ என்ற தனி அரசு, சீனாவோடும் தென்கிழக்கு ஆசியாவோடும் வணிகம் செய்து செழித்தது, அப்புறம்தான் ஜப்பான் இதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதனால் மொழி, இசை, சமையல், கல்லறை கட்டும் விதம் எல்லாமே வேறு. பாம்புத்தோல் போர்த்திய மூன்று தந்தி சன்ஷின் வாத்தியத்தைத் தலைநகர் நாஹாவில் ஏதாவது ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஜப்பானின் கடற்கரை விடுதி என்று மட்டும் நினைத்துப் போனால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

ஷூரி கோட்டை எரிந்துவிட்டதே, போய்ப் பயனுண்டா?

உண்டு. நாஹாவில் ரியூக்யூ அரசர்கள் இருந்த கோட்டை அது. 2019 அக்டோபர் 31 அதிகாலைத் தீயில் முதன்மை மண்டபம் போய்விட்டது, ஆனால் மதில்களும் வாயில்களும் நிற்கின்றன. மண்டபத்தை 2026 இலையுதிர் காலத்துக்குள் மீண்டும் எழுப்பத் திட்டம். விமான நிலையத்திலிருந்து மோனோரயிலிலேயே போகலாம்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் கடைசி, ஏப்ரல், இல்லையென்றால் அக்டோபர் பிற்பகுதி. மே, ஜூனில் மழை. ஜூலை முதல் புயல் காலம், படகுகள் நின்றுவிடும். சமாமி, தொகாஷிகி மாதிரி சிறு தீவுகளைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், படகு ஓடவில்லையென்றால் ஊர் திரும்பும் விமானமும் போய்விடும். கோடையில் கொட்டும் ஜெல்லி மீன்கள் வரும், வலை கட்டிய கடற்கரையில் மட்டும் இறங்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை திமிங்கிலம் பார்க்கலாம்.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். பன்றி இறைச்சி எங்கும் உண்டு. ஒகினாவா சோபா நூடுல்ஸின் குழம்பே பன்றி எலும்பிலும் உலர்ந்த சூரை மீனிலும் செய்வது. நம் பாகற்காயை டோஃபு, முட்டையோடு வதக்கும் கோயா சம்புரூவில்கூட இறைச்சி கலந்திருக்கும், போடாமல் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். நிலக்கடலையில் செய்யும் ஜிமாமி டோஃபு அருமை, அதன் சாஸில் மீன் சாறு உண்டா என்று மட்டும் கேளுங்கள். சமையலறை உள்ள அறையாக எடுத்தால் பாதிக் கவலை தீரும்.

கார் வேண்டுமா?

நாஹாவுக்குள் வேண்டாம். வடக்கே சுராவுமி மீன் காட்சியகம் எல்லாம் பார்க்க கார் இருந்தால் வசதி. வண்டி இடப்பக்கம்தான். இந்திய உரிமம் மட்டும் செல்லாது, சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

குழந்தைகளோடு போகிறோம், போர் நினைவிடங்களைத் தவிர்க்கலாமா?

மிகச் சிறியவர்கள் என்றால் அருங்காட்சியகத்தை விடலாம், ஆனால் இத்தோமானில் உள்ள அமைதிப் பூங்காவைத் தவிர்க்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1945-இல் இங்கே நடந்த சண்டையில் ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இறந்தார்கள். கடலைப் பார்த்த கருங்கல் சுவர்களில் 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் என்று பிரிவில்லாமல் இறந்தவர்கள் எல்லோருக்கும் இடம். பக்கத்திலேயே ஹிமேயுரி நினைவகம்: போர்முனையில் தாதியராக அனுப்பப்பட்ட மாணவிகளும் ஆசிரியர்களும் 240 பேர், அவர்களில் 136 பேர் திரும்பவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள். போருக்குப் பின் இங்கே வந்த அமெரிக்க ஆட்சி 1972 வரை நீடித்தது, அமெரிக்க ராணுவத் தளங்கள் இன்றும் இருக்கின்றன, உள்ளூர்க்காரர்களுக்கு அது ஆறாத விஷயம்.

செஃபா உதாக்கியில் என்ன கவனிக்க வேண்டும்?

அது வழிபாட்டிடம். கோபுரமோ சிலையோ கிடையாது, காடும் பாறையும்தான். ரியூக்யூவில் பூசாரிகள் பெண்கள், அந்தக் காலத்தில் ஆண்களுக்கு அங்கே அனுமதியே இல்லை. கற்களில் ஏறாதீர்கள், சத்தம் வேண்டாம். பழைய நாட்காட்டிப்படி ஆண்டில் சில நாட்கள் மூடியிருக்கும், தேதி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.