சுரங்கக் கழிவுக்கு அடியில் மலையகத்துச் சிவப்பு மண்ணைப் போட்டால் போதுமா?

கேள்வி இதுதான்: சுரங்கக் கழிவு கொட்டும் இடத்துக்கு அடியில் களிமண் படை போட்டால் பார உலோகங்கள் கீழே இறங்காமல் நிற்குமா? பதுளைப் பக்கத்துச் சிவப்பு மண்ணையே அதற்குப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. படையை இன்னும் தடிப்பாக்குவதற்கு முன்னால், அந்தப் படையை வந்து தொடும் தண்ணீரின் அமிலத்தைக் குறைக்க வேண்டும். நான் மண் பரிசோதனை வேலை செய்பவன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனும்கூட. மலையின் மேற்பக்கத்தில் எதைக் கொட்டினாலும் கீழே இருக்கிறவர்களின் பீலிக்குத்தான் அது வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மலையகத்தில் பெரிய உலோகச் சுரங்கம் கிடையாது. பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக் குழிகள் உண்டு, மலையடிவாரத்தில் கேகாலை மாவட்டத்துப் போகல கிராபைட் சுரங்கம் உண்டு. எங்கே தோண்டினாலும் முதலில் பார்க்க வேண்டியது கழிவில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) இருக்கிறதா என்பது. பைரைட்டில் காற்றும் தண்ணீரும் பட்டால் சல்பூரிக் அமிலம் உண்டாகும். அந்த அமிலம்தான் ஈயம், செப்பு, நாகம் (துத்தநாகம்), கட்மியம் போன்ற பார உலோகங்கள் எல்லாவற்றையும் கரைத்து எடுத்து வருகிறது.

நல்ல களிமண் படை என்றாலும் அது தண்ணீரை முழுக்க நிறுத்தாது. பொதுவாகக் கேட்கப்படும் தரம், நீர் புகும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது. அந்தத் தரத்தில் போட்ட படையிலும் வருடத்துக்கு 3 சென்டிமீட்டர் அளவு நீர் இறங்கலாம். ஒரு ஹெக்டயருக்குக் கணக்குப் பார்த்தால் 3 இலட்சம் லீட்டருக்கு மேல். ஆகவே இறங்குகிற நீரிலிருந்து உலோகத்தை மண் பிடித்து வைக்க வேண்டும். நம் சிவப்பு மண் சறுக்குவது இங்கேதான்.

மலையக மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட் என்ற களித் தாதுவும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளும். 100 கிராம் கயோலினைட் பிடிக்கும் நேரயன்கள் (நேரேற்றம் உள்ள உலோக அயன்கள் போன்றவை) 3 முதல் 15 மில்லிச்சமவலு (அயன்களை அளக்கும் அலகு) வரைதான். ஈரத்தில் ஊதும் இன்னொரு களித் தாதுவான மொன்ட்மொரிலனைட் 80 முதல் 120 வரை பிடிக்கும். தேயிலைக்குப் பிடித்த மண் 4.5 முதல் 5.5 வரை பிஎச் பெறுமானம் (அது குறையக் குறைய அமிலம் கூடும்) உள்ள அமில மண் என்பது தெரிந்ததே. அதன்மேல் இன்னும் அமிலம் வந்தால் ஒட்சைட்டுகளின் மேற்பரப்பு நேரேற்றம் பெற்று உலோக அயன்களைத் தள்ளிவிடும். முதலில் தப்பி ஓடுவது நாகமும் கட்மியமும். ஈயம் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆசனிக் மட்டும் வேறு மாதிரி: அது எதிரேற்றம் உள்ள எதிரயனாக வருவதால் நம் இரும்பு மண் அதை நன்றாகவே பிடிக்கும்.

சரி, மொன்ட்மொரிலனைட்டைச் சேர்த்தால்? சேர்க்கலாம். மன்னார் முருங்கன் களியில் அது உண்டு, அது நிறைந்த களியான சோடியம் பென்டனைட்டை இறக்குமதி செய்தும் கலக்கலாம். ஆனால் பென்டனைட் நல்ல தண்ணீரில்தான் ஊதிப் பெருத்து இடைவெளிகளை அடைக்கும். உலோகமும் கல்சியமும் நிறைந்த அமில நீர் வந்தால் சோடியத்தின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளும், களி சுருங்கும், நீர் புகும் வேகம் பல மடங்கு கூடிவிடும். எனவே குழாய்த் தண்ணீரில் மட்டும் சோதித்த அறிக்கையை யார் கொண்டுவந்தாலும் ஏற்காதீர்கள். அந்தக் கழிவிலிருந்து வடியும் நீரையே விட்டு, மாதக் கணக்கில் சோதிக்கச் சொல்லுங்கள்.

அமிலத்தைக் குறைக்க நம்மிடமே பொருள் இருக்கிறது. கவ்வாத்து வெட்டும் காலத்தில் தேயிலை மலைக்குப் போடுகிறோமே, அதே டொலமைட் (கல்சியம், மக்னீசியம் காபனேற்றுக் கல்). மாத்தளையிலும் கண்டிப் பக்கத்திலும் வெட்டி எடுக்கிறார்கள். பிஎச் ஏறினால் உலோகங்கள் ஐதரொட்சைட்டாகவும் காபனேற்றாகவும் படியும். கல்லாகப் போட்டால் இரும்புத் துரு மேலே மூடி வேலை நின்றுவிடும், தூளாக அரைத்துக் கழிவோடு கலக்க வேண்டும். அடியிலும் போடுவதென்றால், களிமண் படைக்குள் கலக்காமல் அதற்கு மேலே தனிப் படையாகப் போடுவதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் டொலமைட் கரையும்போது படைக்குள் வெற்றிடம் விடும்.

ஈயம்தான் பிரச்சினை என்றால் எப்பாவலையில் வெட்டும் பொஸ்பேற்றுக் கல்லும் உதவும். ஈயமும் பொஸ்பேற்றும் சேர்ந்தால் மிக அரிதாகவே கரையும் பைரோமோர்பைட் என்ற தாது உண்டாகும். ஆனால் கழிவில் ஆசனிக் இருந்தால் தொடவே வேண்டாம், மண் பிடித்து வைத்த ஆசனிக்கைப் பொஸ்பேற்று வெளியே தள்ளிவிடும்.

போடும் விதமும் முக்கியம். 15 சென்டிமீட்டர் படைகளாக, உச்ச அடர்த்தி தரும் ஈரத்தைவிடச் சற்றுக் கூடிய ஈரத்தில் இறுக்க வேண்டும். ஒவ்வொரு படையின் மேற்பரப்பையும் கிளறிவிட்டுத்தான் அடுத்தது. வெயிலில் ஒரு வாரம் திறந்து விட்டால் வெடித்துப் போகும்.

எனக்குப் பெரிய பயம் சரிவுதான். 1988 இல் கலிபோர்னியாவின் கெட்டில்மன் ஹில்ஸ் அபாயக் கழிவுக் கிடங்கில், ஈரக் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் தொடும் வழுக்கலான இடத்தில் கழிவு மேடு 11 மீட்டர் வரை நகர்ந்தது. நம் மலைகளில் மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு என்ன செய்தது என்பதும் தெரியும். சாய்வில் களிமண் போடுவது வழுக்கும் தளம் ஒன்றை நாமே கட்டுவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு இல்லாமல் மலைச்சாய்வில் ஒரு லொறிக் கழிவுகூடக் கொட்டக்கூடாது.

கையில் பணம் குறைவென்றால் அடியில் போடும் படையைவிட மேல்மூடிக்கே முதலில் செலவழியுங்கள். மேற்குச் சரிவில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அது கழிவுக்குள் இறங்காமல் மேலே களிமண் மூடி, அதன்மேல் காய்ந்து வெடிக்காதபடி சாதாரண மண்ணும் புல்லும், சுற்றிவர மழைநீர்க் கான் என்று செய்தால் அமிலம் உண்டாவதே குறையும்.

கழிவு எந்தத் தாதுவிலிருந்து வந்தது, வடியும் நீரின் பிஎச் எவ்வளவு என்று எழுதினால் எந்தக் கலவையில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.